“சும்மா உக்காந்துதான பீடி சுத்துதா” என்பவர்களுக்கு



முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரே கதைதான். அம்மாவுக்கு இடுப்பு வலி. டாக்டர், “தேய்மானம், வயசாயிட்டுல்லா” என்கிறார். வீட்டு ஆம்பளைகள், “நாள் பூரா சும்மா உக்காந்துதான பீடி சுத்துதா, இடுப்பு எப்படி வலிக்கும்?” என்கிறார்கள். இந்த ‘சும்மா’வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வகுப்பில் படித்தது மறந்திருக்கும். பிறக்கும்போது முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள். கடைசி ஒன்பதும் இரண்டாக ஒட்டிப்போவதால் பெரியவர்களுக்கு 26. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. முதுகு நேர்க்கம்பு இல்லை. குழந்தைக்குத் தலை நிற்கும்போது கழுத்தில் ஒரு வளைவும், நடக்கும்போது இடுப்பில் ஒரு வளைவும் உருவாகின்றன. சம்மணம் போட்டு, மடியில் சொளவை வைத்துக் குனிந்தால் இடுப்பு வளைவு தட்டையாகிவிடுகிறது.

எலும்புகளுக்கு நடுவே இருப்பது டிஸ்க். (“தண்டுவடம் தேஞ்சிட்டு” என்று சொல்லாதீர்கள். தண்டுவடம் நரம்பு, அது தேயாது.) வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது. நாம் அசைய அசைய, அமுங்கி விரிந்துதான் அது சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாச்செம்சன் 1960-களில் தொடங்கி, டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். நிற்கும்போது 100 என்றால், முன்னால் குனிந்து உட்காரும்போது ஏறத்தாழ 185. இதுவா சும்மா?

வயதானால் தேயும், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் எவள் நடுவில் எழுந்து நடப்பாள்? எழுந்தால் எண்ணிக்கை குறையும். 2021-ல் கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டமோ, ‘தொழிற்கூடம்’ என்ற வரையறையில் குடியிருக்கும் வீட்டைச் சேர்க்கவே இல்லை. கம்பெனிக்கு இடவாடகை மிச்சம். திண்ணையும் அவளுடையது, முதுகும் அவளுடையது.

சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளே, உங்களில் பலர் கட்டிய பீஸ் அந்தச் சொளவிலிருந்து வந்தது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அல்வாவை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். சொளவு வைக்க, மடிக்கு மேல் நிற்கிற மாதிரி ஒரு சின்ன மேசை செய்து கொடுங்கள். சாய்வதற்குச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணிக் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள், குறைகிற நூறு பீடிக்கான காசை நீங்கள் அனுப்புங்கள்.