ஒரே படத்துக்கு 91 மார்க்கும் 40 மார்க்கும்: 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்?

2019 டிசம்பருக்குப் பிறகு தியேட்டரில் புது 'ஸ்டார் வார்ஸ்' படம் எதுவும் வராமல் இருந்தது. அந்த நீண்ட இடைவெளியை முடித்துவைக்க டிஸ்னி தேர்ந்தெடுத்த படம் 'தி மாண்டலோரியன் அண்ட் குரோகு'. குறித்த தேதி 2026 மே 22. இந்த வரிசையில் எந்தப் படம் வந்தாலும் கதை என்ன என்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "ரசிகர்கள் என்ன சொல்றாங்க?"

கேட்பதற்கு எளிதான கேள்வி. பதில்தான் அவ்வளவு எளிதில்லை. 2017-ல் வெளியான 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தின்போது இதே கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல பதில்கள் கிடைத்தன. அதில் எது உண்மை என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அந்தச் சண்டை அடுத்த படத்தின் கதையையும், சில நடிகர்களின் வாழ்க்கையையும் சேர்த்தே பாதித்தது.

அப்படி என்னதான் நடந்தது?

இயக்குநர் ரியான் ஜான்சனின் 'தி லாஸ்ட் ஜெடாய்' 2017 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் வெளியானது. முதல் மூன்று நாளில் அங்கு மட்டும் சுமார் 22 கோடி டாலர் வசூல். உலக அளவில் மொத்தம் சுமார் 133 கோடி டாலர். அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் வசூலித்த படம் இதுதான்.

விமர்சனங்களைத் திரட்டித் தரும் 'ரோட்டன் டொமேட்டோஸ்' தளத்தில் விமர்சகர்களில் 91 சதவீதம் பேர் படத்துக்கு 'ஓகே' சொன்னார்கள். அதே பக்கத்தில் பக்கத்துக் கட்டத்தில் இருந்த ரசிகர் ஸ்கோர் 40 சதவீதத்தை ஒட்டித் தள்ளாடியது. படத்தை 'ஸ்டார் வார்ஸ்' அதிகாரபூர்வக் கதையிலிருந்தே நீக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு மனு கிளம்பி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைப் பெற்றது.

வசூல் 'சூப்பர் ஹிட்' என்கிறது. விமர்சகர்கள் 'அருமை' என்கிறார்கள். ரசிகர் ஸ்கோர் 'ஃபெயில்' என்கிறது. இதில் யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

ரசிகர்களின் கோபம் நியாயமானதா?

1977-ல் தொடங்கிய கதை இது. லூக் ஸ்கைவாக்கர் என்ற கிராமத்துப் பையன், கொடுங்கோல் சாம்ராஜ்யத்தை எதிர்த்து நிற்கிறான். 1983-ல் வந்த மூன்றாவது படத்தில், கொடூரனாக மாறிய தன் தந்தையைக்கூடக் கொல்ல மறுத்து, வாளைத் தூக்கி எறிகிறான். ஒரு தலைமுறைக்கே அவன்தான் நம்பிக்கையின் உருவம்.

2015-ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில், ரே என்ற இளம்பெண் தனித்தீவில் ஒளிந்திருக்கும் லூக்கைத் தேடிப்பிடித்து, அவருடைய பழைய வாளை நீட்டுகிறாள். படம் அங்கே முடிந்தது. லூக் என்ன சொல்வார், ரேயின் பெற்றோர் யார், புது வில்லன் ஸ்னோக் எங்கிருந்து வந்தான்? இரண்டு வருடம் ரசிகர்கள் ஊகித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜான்சனின் படத்தில் லூக் அந்த வாளை வாங்கி, தோளுக்குப் பின்னால் அலட்சியமாக வீசிவிட்டு நடந்து போகிறார். ஸ்னோக் பாதிப் படத்திலேயே செத்துப்போகிறான். ரேயின் பெற்றோர் யாருமில்லை, குடிக்காக மகளை விற்ற சாதாரண ஆட்கள் என்று சொல்லப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கும் தன் இரட்டைச் சகோதரியின் பையனைக் கொல்ல லூக் ஒரு கணம் வாளை எடுத்தார் என்கிறது கதை.

"தந்தையையே மன்னித்தவர் இதைச் செய்வாரா?" என்று ஒரு தரப்பு கொதித்தது. "தோற்றுப்போன ஹீரோ திரும்ப எழுவதுதானே கதை" என்று இன்னொரு தரப்பு கொண்டாடியது. லூக்காக நடித்த மார்க் ஹாமிலே, தன் பாத்திரத்தை இப்படி எழுதியதில் முதலில் தனக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். ஆக, படம் பிடிக்காதவர்கள் எல்லாரும் வம்பர்கள் என்று ஒதுக்க முடியாது. அவர்களின் வாதத்தில் விஷயம் இருந்தது.

அப்படின்னா, 40 சதவீதம்தான் சரியான மார்க்கா?

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு ஸ்கோரும் வேறு வேறு ஆட்களை அளக்கிறது.

*சினிமாஸ்கோர்:* அமெரிக்காவில் படம் வெளியாகும் நாளில், தியேட்டரை விட்டு வெளியே வருபவர்களிடம் அட்டை கொடுத்து கிரேடு கேட்கும் நிறுவனம் இது. 'லாஸ்ட் ஜெடாய்'க்குக் கிடைத்தது 'ஏ' கிரேடு. முந்தைய படத்துக்கும் அதே 'ஏ'தான். அட்டை நிரப்பியவர்கள் காசு கொடுத்துப் படம் பார்த்தவர்கள். ஆனால் முதல் நாள் கூட்டம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே மார்க் போடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு.

*இணைய ரசிகர் ஸ்கோர்:* 2017-ல் ரோட்டன் டொமேட்டோஸில் ஒரு கணக்கு இருந்தால் போதும். படம் பார்த்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை எதுவும் இல்லை என்று தளம் அப்போது விளக்கம் கொடுத்தது. ஆனாலும், தானாக முன்வந்து மார்க் போடுபவர்கள் பெரும்பாலும் உச்சிக்குத் தூக்குபவர்கள், அல்லது கடுங்கோபத்தில் இருப்பவர்கள். 'பரவால்ல, ஒரு தடவ பாக்கலாம்' என்று நினைப்பவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்.

*வசூல்:* இரண்டாவது வார இறுதியில் அமெரிக்க வசூல் 22 கோடியிலிருந்து சுமார் 7.2 கோடி டாலருக்கு இறங்கியது. 'பாருங்க, மக்கள் கைவிட்டுட்டாங்க' என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அந்த வார இறுதியின் ஞாயிற்றுக்கிழமை டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அங்கு தியேட்டர் பக்கம் கூட்டம் குறைவு. வீழ்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். முழுக் காரணமும் அதுதான் என்று சொல்லவும் முடியாது.

*ட்விட்டர்:* தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மோர்டன் பே, ஜான்சனுக்கு அனுப்பப்பட்ட 967 ட்வீட்களைப் பிரித்துப் பார்த்து 2018-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். அதில் படத்தைத் திட்டியவை 21.9 சதவீதம்தான். அப்படித் திட்டியவற்றிலும் ஏறக்குறைய பாதி அரசியல் நோக்கம் கொண்டவை அல்லது போலிக் கணக்குகளிலிருந்து வந்தவை என்றார்.

இந்த ஆய்வு செய்தியானபோது இன்னொரு கூத்து நடந்தது. 'படத்தைத் திட்டியதெல்லாம் ரஷ்ய போலிக் கணக்குகள்' என்ற அளவுக்குத் தலைப்புகள் போயின. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அது அளந்தது ஒரே ஒருவருக்குப் போன ட்வீட்களை மட்டும். மீதிப் பாதி, படம் பிடிக்காத நிஜ ரசிகர்கள் எழுதியவை. எதிர்ப்பாளர்கள் 40 சதவீதத்தைக் கையில் எடுத்ததுபோல, ஆதரவாளர்கள் இந்த எண்ணைக் கையில் எடுத்தார்கள். இரு தரப்பும் ஒரு துண்டை எடுத்து, அதுதான் முழுப் படம் என்றார்கள்.

கம்பெனி யார் பேச்சைக் கேட்டது?

2019 டிசம்பரில் ஜே.ஜே. ஆப்ரம்ஸ் இயக்கத்தில் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்தது. யாருமில்லாதவர்களின் மகள் என்று சொல்லப்பட்ட ரே, இப்போது பழைய வில்லன் பால்பட்டீனின் பேத்தியாகிவிட்டாள். முந்தைய படத்தில் லூக் அலட்சியமாக வீசிய வாளுக்குப் பதில் சொல்வதுபோல், ஜெடாயின் ஆயுதத்துக்கு மரியாதை வேண்டும் என்று லூக்கின் ஆவியே வந்து சொல்கிறது. எதிர்ப்பைச் சமாதானப்படுத்தத்தான் கதை திருப்பப்பட்டது என்றே விமர்சகர்கள் பலரும் எழுதினார்கள்.

பலன்? விமர்சகர் ஸ்கோர் 51 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. சினிமாஸ்கோர் 'பி பிளஸ்'. உலக வசூல் சுமார் 107 கோடி டாலர். முந்தைய படத்தைவிடச் சுமார் 26 கோடி டாலர் குறைவு. ரசிகர் ஸ்கோர் மட்டும் 86 சதவீதம்.

'பாத்தீங்களா, 40 எங்கே, 86 எங்கே' என்று இந்த இரண்டையும் ஒப்பிடுவது இன்றும் வழக்கம். ஆனால் இந்த ஒப்பீடு செல்லாது. 2019 மே மாதம் ரோட்டன் டொமேட்டோஸ் முறையை மாற்றியது. டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பீட்டைத் தனியாக எடுத்து, அதையே முன்னால் காட்டத் தொடங்கியது. 86 என்பது அந்தப் புது முறையில் வந்த மார்க். பழைய 40 யார் வேண்டுமானாலும் போட்ட மார்க். இரண்டு வேறு தராசில் நிறுத்துவிட்டு எடையை ஒப்பிட்டால் எப்படி?

இந்தச் சண்டைக்கு விலை கொடுத்தது யார்?

'லாஸ்ட் ஜெடாய்' படத்தில் ரோஸ் என்ற மெக்கானிக் பெண்ணாக நடித்தவர் கெல்லி மேரி ட்ரான். வியட்நாமிலிருந்து அகதிகளாக அமெரிக்கா போனவர்களின் மகள். படம் வந்த பிறகு இனவெறியும் ஆபாசமும் கலந்த வசைகள் அவருடைய இன்ஸ்டாகிராமில் மாதக்கணக்கில் குவிந்தன. 2018 ஜூனில் தன் பதிவுகள் அனைத்தையும் அழித்தார். அந்த ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதிய கட்டுரையில், வசைகளைப் படித்துப் படித்து ஒரு கட்டத்தில் அதைத் தானே நம்பத் தொடங்கியதாகச் சொன்னார்.

அடுத்த படத்தில் அவர் திரையில் வந்தது சுமார் ஒரு நிமிடம் 16 விநாடி என்று அப்போது கணக்குப் போட்டுக் காட்டினார்கள். படத்தின் நீளமோ 142 நிமிடம். ரோஸ் பாத்திரம் சரியாக எழுதப்படவில்லை என்று சொல்வது விமர்சனம். அதை எழுதியது கெல்லி இல்லை. ஆனால் அடி வாங்கியது அவர்.

இது அவரோடு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. 1999-ல் 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட், அன்று கிளம்பிய கேலியால் உயிரை விட்டுவிடலாம் என்ற நிலைவரை போனதை 2018-ல்தான் வெளியில் சொன்னார். 2022-ல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் நடித்த மோசஸ் இன்கிராமுக்கு இனவெறிச் செய்திகள் குவிந்தபோது, 'ஸ்டார் வார்ஸ்' அதிகாரபூர்வக் கணக்கே அவருக்கு ஆதரவாக இறங்கியது.

காலம் மார்க்கை மாற்றுமா?

மாற்றியிருக்கிறது. இன்று வரிசையிலேயே சிறந்த படமாகப் பலர் கொண்டாடும் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980-ல் வந்தபோது கலவையான விமர்சனங்களையே பெற்றது.

1999 முதல் 2005 வரை வந்த மூன்று படங்களை அன்றைய பெரியவர்கள் கிண்டலடித்தார்கள். அதே படங்களைப் பத்து வயதில் பார்த்தவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள், கையில் சம்பளமும் இருக்கிறது. 2005-ல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' 20 ஆண்டு நிறைவுக்காக 2025 ஏப்ரலில் மறுவெளியீடு ஆனபோது, அமெரிக்காவில் முதல் வார இறுதியில் மட்டும் சுமார் 2.5 கோடி டாலர் வசூலித்தது. ஒரு பழைய படத்துக்கு இது சாதாரண எண் இல்லை.

அகமது பெஸ்ட்டும் திரும்பி வந்தார். 2023-ல் 'தி மாண்டலோரியன்' தொடரின் மூன்றாம் சீசனில், குழந்தை குரோகுவைக் காப்பாற்றும் ஜெடாய் வீரராக அவர் தோன்றியபோது ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். கேலி செய்ததும் ரசிகர்கள், கைதட்டியதும் ரசிகர்கள். இடையில் 24 வருடம். அந்த வருடங்களை அவருக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அடுத்த முறை ஸ்கோர் பார்க்கும்போது?

மொபைலில் 'ரசிகர்கள் கொந்தளிப்பு' என்ற தலைப்போ, சிவப்பு நிறத்தில் ஒரு சதவீதமோ கண்ணில் படும்போது மூன்று கேள்விகள் போதும். மார்க் போட்டவர்கள் டிக்கெட் வாங்கியவர்களா? எத்தனை பேர் போட்டார்கள்? படம் வெளியான பிறகு போட்டதா, முன்பே போட்டதா?

கடைசிக் கேள்வி வேடிக்கைக்குச் சொல்வதில்லை. 2019 பிப்ரவரியில், வெளிவராத படங்களின் பக்கத்தில் கருத்து எழுதும் வசதியையே ரோட்டன் டொமேட்டோஸ் நிறுத்த வேண்டி வந்தது. 2024-ல் 'தி அகோலைட்' தொடர்மீது எதிர்ப்பு கிளம்பியபோது, பெயர் ஒத்துப்போன காரணத்துக்காக 2008-ல் வந்த சம்பந்தமே இல்லாத ஓர் ஆஸ்திரேலியத் திகில் படத்துக்கும் மைனஸ் மார்க் விழுந்ததாகச் செய்திகள் வந்தன. பார்க்காமலே மார்க் போடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

படம் பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். 48 ஆண்டுக்கும் மேலாக இந்தக் கதை உயிரோடு இருப்பதே அப்படிப் பேசித் தீர்க்காத ஆட்களால்தான். தயாரிப்பு நிறுவனங்கள் காது கொடுக்க வேண்டியதும் அந்தப் பேச்சுக்குத்தான். அது பெரும்பாலும் ஒரு சதவீதக் குறிக்குள் அடங்குவதில்லை.