வீட்டுத் துரோகமும் நாட்டுத் துரோகமும்

மர்மக் கதைப் படம் என்றதும் முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே உளர். கொலையும் கள்ளக் காதலும் பாமரரை மயக்கும் மலிவுச் சரக்கு என்பது அவர்தம் தீர்ப்பு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ ஒன்றே அதற்குத் தக்க மறுப்பாகும்.

1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய காலம். ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலே சுட்டுக் கொல்லப்படுகிறான். அயலவர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஒவ்வொருவர் வாயிலாகவும் அவனது வெவ்வேறு முகம் வெளிப்படுகிறது. பாட்டில்லை, நடனமில்லை. குரோசாவாவின் ‘ரஷோமான்’ காட்டிய வழியில் உண்மையைத் தேடும் பொறுப்பு இரசிகனிடமே விடப்படுகிறது. ஜாவர் சீதாராமனின் திரைக்கதை அவனை அறிவுள்ளவனாக மதிக்கிறது.

நமது திரைப்படங்களில் சோதனைக்குள்ளாவது என்றும் மனைவியின் கற்பே. கணவன் வழிதவறினால் அவள் அழுது திருத்த வேண்டும். திருந்தியவனை மன்னிக்கவும் வேண்டும். ‘அந்த நாள்’ இந்த நீதியைத் தலைகீழாக்குகிறது. ஏமாற்றுபவன் கணவன்; அவ்வேடத்தை ஏற்றவரோ கதாநாயகராகப் புகழேறி வந்த சிவாஜி கணேசன். பண்டரிபாய் நடித்த உஷா தாலிக்குப் பணிந்து வாய்மூடி இருப்பவளல்லள். மனைவியை வஞ்சித்தவனே எதிரிக்கு இரகசியங்களை விற்றவனும் என்று அறிந்தபின் அவனை எதிர்த்து நிற்கிறாள். வீட்டில் பழகிய பொய்யே வீதிக்கும் வருகிறது என்பதே இப்படத்தின் அடிப்படை உண்மை.

‘வெள்ளையன் ஆண்ட நாட்டைக் காப்பது என்ன தேசபக்தி?’ என்று கேட்கும் தோழர்களும் உளர். திருகோணமலையில் வாழ்வோர்க்கு இதற்கு விடை தெரியும். ஏகாதிபத்தியத்தின் கப்பற்படைக்காகவே பேணப்பட்ட துறைமுகம் இது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றே ‘ஹேர்மீஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. போரை மூட்டிய அரசுகள் இரண்டும் தொலைவில் இருந்தன. குண்டின் கீழே இருந்தவர்களோ உழைக்கும் மக்கள். குண்டுடன் வருபவன் விடுதலை கொணர்வான் என்ற ராஜனின் வாதம் இங்கே செல்லாது.

ஆயினும் குறையொன்று உண்டு. ஆற்றல் மிக்க அறிவியலாளனைப் புறக்கணித்து, அவனது கசப்புக்கு வித்திட்ட அந்நிய ஆட்சியைப் படம் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. தனிமனிதனின் குற்றத்தைக் கண்டுபிடித்த துப்பறிவாளர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

முதல் வெளியீட்டில் இப்படம் பொருளீட்டவில்லை. மக்களின் இரசனை தாழ்ந்தது என்று வணிகர் அதற்குக் காரணம் கூறலாம். பாட்டையும் கூத்தையும் அன்றி வேறெதையும் மக்களுக்குப் பழக்காதவர் யார்? கொன்றவன் யார் என்பதோடு நில்லாது, வஞ்சித்தவன் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்றும் வினவும் மர்மக் கதை இலக்கியமே. அத்தகைய கதைகளை எழுதுக. எடுக்குக என்று எழுத்தாளரையும் கலைஞரையும் நாம் கோருகின்றோம்.