ஒரு சோதனை போதாது

பாகான் டாலாமில் எங்கள் அடுக்குமாடியில் வசிக்கும் படிவம் மூன்று மாணவி, "அடுத்த வருசம் கூடுதல் கணிதம் எடுக்கல சார். கணிதச் சோதனையில 48 புள்ளிதான்" என்றாள். அவளுக்குச் சொன்னதை மற்ற மாணவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வடிவங்களை வெட்டாமல், ஒட்டாமல், வளைத்தும் நீட்டியும் ஆராயும் கணிதம் இடவியல். இரண்டு வடிவங்கள் ஒன்றா வேறா என்று அறிய, வளைத்தாலும் மாறாத ஒன்றைக் கணக்கிடுவார்கள். விடை வேறுபட்டால் வடிவங்களும் வேறு. விடை ஒன்றாக இருந்தாலோ, எதையும் முடிவுகட்ட முடியாது.

முப்பரிமாணக் கோளத்தை அடையாளம் காண 'ஹோமோலஜி' என்ற ஒரே சோதனை போதும் என 1900இல் பிரான்சின் பொன்காரே கருதினார். அச்சோதனையில் தேறியும் கோளமாக இல்லாத வடிவம் ஒன்றை 1904இல் அவரே கண்டுபிடித்தார். கோளத்தில் எந்தக் கயிற்று வளையத்தையும் ஒரு புள்ளியாகச் சுருக்கலாம், இதில் முடியாது. 1910இல் ஜெர்மனியின் மாக்ஸ் டேன், கோளத்திலிருந்து முடிச்சு வடிவக் குழாயை வெட்டியெடுத்து, வேறு விதமாக ஒட்டினால் இத்தகைய 'ஹோமோலஜி கோளங்கள்' பல கிடைக்கும் என்று காட்டினார். ஒரே கோட்டில் முடியும் சிக்குக் கோலத்தை, மேலும் கீழுமாகப் பின்னிய கயிறாக எண்ணுங்கள். அதுதான் கணிதம் சொல்லும் முடிச்சு.

இக்கதையில் ஒரு தமிழரும் உண்டு. 1938இல் சென்னையில் பிறந்து, லயோலா கல்லூரியில் பயின்று, பம்பாய் டாட்டா ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய சி. பி. இராமானுஜம். இவர் ஸ்ரீனிவாச இராமானுஜன் அல்லர். புள்ளியாகச் சுருங்கக்கூடிய இயற்கணிதப் பரப்பெல்லாம் சிக்கலெண் தளம் ஆகிவிடாது என்று 1971இல் ஓர் எடுத்துக்காட்டுடன் நிறுவினார். அப்பரப்பை வெகுதொலைவில் சூழும் எல்லை ஒரு ஹோமோலஜி கோளம். அங்கே சில வளையங்கள் சுருங்குவதில்லை. தொலைவிலும் வளையங்கள் சுருங்குகின்றனவா என்ற இரண்டாவது சோதனையிலும் தேறினால்தான் அது தளம். 36 வயதில் மறைந்த அவரது ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

கேட்டு முடித்ததும் அந்த மாணவி, "வளையம் எதுல மாட்டிக்கிட்டு இருக்கு சார்?" என்றாள். 48 புள்ளியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

பொறியியல், அறிவியல் படிப்புகள் பலவற்றுக்குக் கூடுதல் கணிதம் கேட்கப்படுகிறது. பெற்றோர்களே, ஆசிரியர்களே, ஒரே சோதனையை வைத்து அக்கதவை மூடாதீர்கள். விடை தெரியாத கணக்கோடு பிள்ளை எவ்வளவு நேரம் போராடுகிறது, என்ன கேட்கிறது என்பதையும் பாருங்கள். மாணவர்களே, பாடத்தைக் கைவிடும் முன் உங்களுக்கு நீங்களே இரண்டாவது சோதனை ஒன்று வையுங்கள்.