படித்ததை மறைக்க வேண்டாம்

புறநோயாளர் பிரிவில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். அதுவரை அலைபேசியில் தம் நோயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர், மருத்துவர் அழைத்ததும் அதைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொள்கிறார். இந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர்கள் நாங்களே. "கூகுளில் எல்லாம் பார்க்காதீர்கள்" என்று பல ஆண்டுகளாகக் கடிந்துகொண்டிருக்கிறோம். அது தவறு என்பதே இன்று எங்கள் கருத்து.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு, அதில் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவருக்குப் பல்வலிக்காக வெளியில் மெட்ரோனிடசோல் எழுதித் தரப்பட்டது. அவருடைய மகள் முதல் மாத்திரையைக் கொடுக்கும் முன்பே இரு மருந்துகளின் பெயர்களையும் சேர்த்து இணையத்தில் தேடினார். பார்த்ததும் எங்களைத் தொலைபேசியில் கேட்டார். வார்ஃபரின் உடலில் சிதைவதை மெட்ரோனிடசோல் தடுக்கும். அதனால் வழக்கமான அளவே மிகையாகி, உள்ளே இரத்தக்கசிவு ஏற்படலாம். பல் மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றினோம். அந்த மகளை எங்கள் குழுவில் ஒருவராகவே நினைக்கிறோம்.

அதே அலைபேசி மற்றொருவரை அல்லலுக்கு உள்ளாக்கியது. கீரையில் வைட்டமின் கே மிகுதி, அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் என்று அவர் படித்தார். செய்தி உண்மைதான். ஆனால் நாள்தோறும் உண்டுவந்த கீரையை அவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மாத்திரையின் அளவோ அவருடைய பழைய உணவுக்கேற்ப அமைந்தது. சில வாரங்களில் ஈறுகளில் இரத்தம் கசிய வந்து நின்றார். கீரையை விலக்கத் தேவையில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும். இதை நாங்கள் முதல் நாளே விளக்கியிருந்தால் அவர் இணையத்தை நாடியிருக்கவும் மாட்டார். மூன்று மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகிறவர், எஞ்சிய ஐயங்களை வேறு யாரிடம்தான் கேட்பார்?

இருவரும் படித்தவை சரியானவையே. ஒருவர் கேட்டபின் செய்தார். மற்றவர் செய்தபின் வந்தார். ஆகவே எதை வேண்டுமானாலும் படியுங்கள். எங்களைக் கேட்காமல் மாத்திரையையோ உணவையோ மாற்றாதீர்கள். படித்த பக்கத்தை அப்படியே காட்டுங்கள். அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதையேனும் விற்க முயல்கிறாரா என்பதைச் சேர்ந்து பார்ப்போம். ஆங்கிலம் படிக்கக்கூடியவர் வீட்டில் இருந்தால், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தை நம்பிப் பார்க்கலாம். விளம்பரமில்லை, கட்டணமுமில்லை.

ஐ.என்.ஆர். அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். அதில் இயல்பு அளவு ஏறத்தாழ 1 என்று அச்சிடப்பட்டிருக்கும். அது வார்ஃபரின் உட்கொள்ளாதவர்களுக்கானது. வால்வு பொருத்தப்பட்ட பெரும்பாலோருக்கு, வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து, 2 முதல் 3.5 வரையிலான எல்லைக்குள்ளேயே இலக்கு அமையும். 3 என்ற எண் தடித்த எழுத்தில் வருவதைக் கண்டு அஞ்சி, மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்துவிடக்கூடும். எனவே அவரவர் இலக்கை அறிக்கையின் தலைப்பில் கையால் எழுதித் தரத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் தாளில் அது இல்லையென்றால், எழுதி வாங்காமல் அறையைவிட்டு எழ வேண்டாம்.