முதல் 3 நாள் கண்டம்!

விடியற்காலை. ஒரகடம் மேம்பாலத்தின் அடியில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரவு ஷிப்ட் முடித்த தொழிலாளர்கள் திமுதிமு என்று இறங்குகிறார்கள். நேராக டீக்கடைக்குப் போகிறார்கள்.

ஒரு கையில் டீ. இன்னொரு கையில் சிகரெட்!

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம், மாத்தூர்... எங்கே போனாலும் இதே காட்சிதான். கார், மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று உலகத்துக்கே பொருள் செய்து அனுப்பும் கைகள் இவை. அந்தக் கைகளில்தான் புகைகிறது.

ஆலைக்குள் புகைக்க முடியாது. வேலை செய்யும் இடங்களிலும் பொது இடங்களிலும் புகைக்க 2008-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி முதல் நாடு முழுவதும் தடை. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 8 மணி நேரம் அடக்கி வைத்த ஆசை, கேட்டைத் தாண்டியதும் பீறிட்டுக் கிளம்புகிறது.

"மாப்ளே, ஒண்ணு போடலாமா?"

இந்த ஒரு கேள்விதான் பல பேரைப் புகைக்க வைத்தது. விட்டவரையும் திரும்ப இழுத்து வந்தது.

ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 என்றால் 160 ரூபாய். மாதம் 4,800 ரூபாய்! விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் மணியார்டருக்குக் காத்திருந்த தாய்மார்கள் இன்று செல்போனில் பணம் வருமா என்று பார்க்கிறார்கள். அந்தப் பணம் இங்கே புகையாகப் போகிறது.

விட வேண்டும் என்று நினைக்காதவர் குறைவு. ஆனால் மூன்றாம் நாளே தோற்றுப்போகிறார்கள். ஏன்?

உடம்பு செய்யும் கலாட்டா

சிகரெட்டில், பீடியில் உள்ள நிகோடின் ரத்தத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். இரண்டு, மூன்று நாளில் ஏறக்குறைய எல்லாமே வெளியேறிவிடும். அப்போதுதான் உடம்பு கலாட்டா செய்கிறது.

காரணம் இல்லாமல் கோபம் வரும். தலை வலிக்கும். தூக்கம் வராது. மலச்சிக்கல், வாய்ப்புண் வரும். இருமல்கூட அதிகமாகும்.

"சிகரெட்டை விட்டதாலதான் உடம்பு கெட்டுப்போச்சு" என்று நினைத்து, "ஒண்ணே ஒண்ணு" என்று பற்ற வைக்கிறார்கள். கதை முடிந்தது!

உண்மை நேர்மாறானது. உடம்பு தேறுவதற்கான அடையாளம்தான் இந்தத் தொல்லை எல்லாம். புகையோடு ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். தொல்லைகள் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். புகைக்க வேண்டும் என்ற வெறி ஒரு தடவை வந்தால் சில நிமிடம்தான் நிற்கும். சூடான டீ ஆறுகிற நேரம்தான். அந்த நேரத்தைத் தாண்ட ஒரு துணை வேண்டும்.

அறைத் தோழரே மருந்து

இந்தப் பகுதியில் ஒரே அறையில் ஐந்து, ஆறு பேர் தங்குவது சகஜம். ஐந்து பேர் புகைக்கும்போது ஒருவர் மட்டும் விடுவது ஆற்றில் எதிர்நீச்சல் போடுவது மாதிரி. இரண்டு பேர் சேர்ந்து விட்டால் பாதி பாரம் குறைந்தது.

இது வெறும் பேச்சு அல்ல. அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரை மையமாக வைத்து 1971 முதல் 2003 வரை 12 ஆயிரத்து 67 பேரைக் கவனித்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. நண்பர் ஒருவர் புகைப்பதை விட்டால், இவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது. சிறிய நிறுவனங்களில் கூட வேலை செய்பவர் விட்டால் 34 சதவீதம் குறைந்தது. ஆட்கள் கூட்டம் கூட்டமாக விட்டார்கள். தனியாக விட்டவர் குறைவு.

அறைத் தோழர் என்ன செய்ய வேண்டும்?

நாள் குறிக்க வேண்டும். பகல் ஷிப்ட் வாரமாக இருந்தால் நல்லது. தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. விட்டவர் எரிந்து விழுந்தால் நான்கு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "நீயாவது விடறதாவது" என்ற கிண்டல் கூடவே கூடாது. வெறி வந்தால் தண்ணீர் கொடுத்து, அடுத்த பஸ் ஸ்டாப் வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். வாயில் போட கடலை மிட்டாயோ ஏலக்காயோ போதும்.

காபியைப் பாதியாகக் குறைப்பதும் நல்லது. புகையை விட்டவர் உடம்பில் காபியின் வேகம் முன்பைவிட அதிக நேரம் நிற்கும். படபடப்பும் தூக்கமின்மையும் கூடும்.

சிகரெட்டை விட்டுவிட்டு வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வது, பேயை ஓட்டிப் பிசாசை அழைத்த கதை. அதற்குப் பதில் நிகோடின் சூயிங்கம் பற்றி டாக்டரைக் கேட்கலாம். அதைச் சும்மா மென்று தள்ளக் கூடாது. சிறிது மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

சறுக்கினாலும் சரி, மறுநாள் காலை மீண்டும் முதல் நாள் என்று தொடங்க வேண்டும்.

கண்ணில் படாத நம்பர்

1800-11-2356. புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவச டெலிபோன் இது. தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே இந்த நம்பர் அச்சாகிறது.

ஆனால் இங்கே பாக்கெட் வாங்குகிறவர் எத்தனை பேர்? "அண்ணே, ஒண்ணு குடுங்க" என்று லூசாகத்தானே வாங்குகிறார்கள்! நம்பர் கடைக்காரர் கண்ணில் மட்டும் படுகிறது. கடைக்கார அண்ணன்மார் அதை ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் புண்ணியம்.

அந்த டெலிபோனும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். இரவு ஷிப்டில் 3 மணிக்கு வெறி வந்தால்? பக்கத்து மிஷினில் நிற்கும் நண்பர்தான் கதி.

முதலாளிகள் கவனிக்கட்டும்

ஆலைகளில் ஒரு குறை என்றால் குவாலிட்டி சர்க்கிள் கூடுகிறது. ஐந்தாறு தொழிலாளர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள். "விபத்து இல்லாத நாட்கள் இத்தனை" என்று கேட்டில் போர்டு வைக்கிறார்கள். புகையை விடுவோருக்கும் அப்படி ஒரு குழு, ஒரு போர்டு வைத்தால் என்ன?

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ஊழியர்களுக்கு, புகையை விட்டால் 750 டாலர் வரை தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான கணக்கின்படி, பணம் பெற்ற பிரிவில் 100-க்கு 15 பேர் விட்டார்கள். மற்றப் பிரிவில் 5 பேர்தான். பணம் கொடுத்தும் 85 பேரால் முடியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அவ்வளவு பொல்லாத பழக்கம் இது. தோற்றவரைத் திட்டிப் பயன் இல்லை. மறுபடி முயற்சி செய்யக் கைகொடுக்க வேண்டும்.

முதலுதவி அறையில் நிகோடின் சூயிங்கம் இலவசமாகக் கிடைக்கட்டும். நர்சு தினமும் விசாரிக்கட்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று பிரிக்காமல், காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்துச் செய்யட்டும். நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதான்!

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்கலாம். நாளை காலை டீக்கடையில் "மாப்ளே, ஒண்ணு போடலாமா?" என்று கேட்க வேண்டாம்.

"மாப்ளே, இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்று கேளுங்கள்!