சக்கரத்துக் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் எக்ஸ்.எல். வண்டிக்கு ஏழு வயதாகிறது. உரமூட்டை, மல்லிகைப்பூ மூட்டை, பால் கேன் எல்லாம் அதில்தான். சக்கரத்தை ஒழுங்காகக் கழுவியதே இல்லை. ஸ்போக்ஸ் கம்பிகள் கரிசல் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கறுத்துவிட்டன. அடுத்த மாதம் முதல் மகள் இதே வண்டியில் திருமங்கலத்துக்குக் கல்லூரி போகப் போகிறாள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா?
- கள்ளிக்குடி வட்டார வாசகர்

பதில்: ஊற்றவே கூடாது. அந்த ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அழுக்கு போவது உண்மைதான். கூடவே கம்பியின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சும் போய்விடும். பூச்சு போன கம்பி ஒரே மழையில் துருப்பிடிக்கும்.

கம்பிச் சக்கரத்தைக் கயிற்றுக் கட்டிலோடு ஒப்பிடலாம். பாரத்தைத் தாங்குவது எல்லாக் கயிறுகளின் இழுவையும் சேர்ந்துதான். ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கயிறுகளுக்குப் போகும். அவையும் ஒவ்வொன்றாக அறும். கம்பியும் அப்படித்தான். அது முதலில் அரிப்பது நடுவில் அல்ல. ரிம்மில் நிப்பிள் நுழையும் இடத்திலும், ஹப்பில் கம்பி வளையும் இடத்திலும்தான். அழுக்கு அப்பி மறைத்திருப்பதும் அதே இரண்டு இடங்களைத்தான். ஆகவே கழுவுவது அழகுக்கு மட்டும் அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கும்தான்.

விவசாயியின் வண்டிக்கு நகரத்து வண்டியைவிட அரிப்பு அதிகம். காரணம் வண்டியில் ஏறும் சரக்கு. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். யூரியா சிந்திய இடத்தில் சாணமும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா உண்டாகும். அது துத்தநாகத்தையும் பித்தளை நிப்பிளையும் தின்னும். ஸ்பிரேயரிலிருந்து சொட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைசலும் பூச்சுக்கு ஆகாது. கரிசல் மண்ணோ இந்த உப்பையெல்லாம் ஈரத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் காய்ந்தால் உதிர்ந்துவிடும், கரிசல் உதிராது.

கையுறை போட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். மருந்து ஏற்றிய வண்டியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கழுவச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அது வேண்டாம். கண்மாய்க்குள்ளோ கால்வாய்க்குள்ளோ வண்டியை இறக்கிக் கழுவுவதும் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது.

வண்டியை நிழலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சூடு ஆறட்டும். இறுகிய கரிசலைச் சுரண்ட அரிவாளோ ஸ்க்ரூ டிரைவரோ எடுக்கக் கூடாது. ஈரச் சாக்கைச் சக்கரத்தில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் மண் இளகிவிடும். பிறகு மூங்கில் குச்சியால் தள்ளினாலே போதும்.

செயின் பக்கத்துப் பிசுக்குக்கு மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணி போதும். ஊற்ற வேண்டாம். டயர் ரப்பரில் பட்டால் ரப்பர் கெடும். பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது. பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. அடுத்து, அரை வாளித் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஷாம்பூவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நிப்பிள்களைச் சுற்றித் தேய்க்க வேண்டும். கம்பிக்குப் பிரஷ் சரிவராது. பழைய பனியனைக் கிழித்து நீள நாடாவாக்கி, கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, மோர் கடையும் மத்துக் கயிறு போல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கம்பி முழுவதும் சுத்தமாகும். இரண்டு சக்கரத்துக்கும் ஒரு காலைப்பொழுது போய்விடும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

குரோம் பூசிய ரிம்மில் துருப்புள்ளி இருந்தால், பரோட்டா பார்சலுக்குச் சுற்றித் தரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. துரு போகும், பூச்சில் கீறல் விழாது. உப்புக்காகிதமும் இரும்பு நாரும் கூடாது.

கடைசியாக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீர் என்றால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளையாக உப்புப் படியும். சர்வீஸ் கடையில் கழுவினால் ஹப்புக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச விடக் கூடாது. பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும். காய்ந்த பிறகு எண்ணெய் தொட்ட துணியால் கம்பிகளை லேசாகத் துடைத்து, நிப்பிளுக்கு ஒரு சொட்டு விடலாம். வழியும்படி விட வேண்டாம்.

இனிதான் முக்கியமான வேலை. சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான கம்பி கிணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும். துருவில் மெலிந்த கம்பி, தலை பிளந்த நிப்பிள், ஹப் ஓரத்து வெடிப்பு ஆகியவற்றுக்குச் சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொள்ளலாம். பிறகு ரிம் ஓரத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், கோட்டம் இருக்கும் இடம் குச்சியில் உரசிக் காட்டும்.

இந்தச் சோதனையில் ஏதாவது தெரிந்தால் வீட்டில் வைத்து முறுக்க வேண்டாம். அதிகமாக முறுக்கினால் கம்பியின் நுனி உள்ளே துருத்தி டியூபைக் குத்தும். ரிம்மும் வேறு பக்கம் இழுத்துக்கொள்ளும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் காட்டி, கெட்ட கம்பிகளை மாற்றிய பிறகே மகளிடம் வண்டியைக் கொடுப்பது நல்லது. துரு பல கம்பிகளில் ஆழமாக இறங்கியிருந்தால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மொத்த செட்டையும் மாற்றச் சொல்லலாம்.

கழுவிய அன்று டிரம்முக்குள் ஈரம் இருக்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது. களத்தில் மெதுவாக இரண்டு சுற்று ஓட்டி, பிரேக்கை விட்டு விட்டு அழுத்திக் காயவைத்த பிறகுதான் ரோட்டில் ஏற வேண்டும். புதுக் கம்பி போட்டிருந்தால் ஒரு வார ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். அப்போது மறுபடி கடையில் காட்டி இறுக்கிக்கொள்ள வேண்டும்.