பாம்புக்குத் துணை தேவையா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, வெள்ளவத்தையில் அம்மாவின் வீட்டில் இருந்தபோது லண்டன் ஹரோவிலிருந்து தங்கையின் தொலைபேசி அழைப்பு வந்தது. அவள் கவலைகள் இரண்டு. எண்பது வயதைத் தாண்டிய அம்மா தனியாக இருப்பது ஒன்று. பதினான்கு வயது மருமகனின் பாம்பு தனியாக இருப்பது மற்றையது.

பாம்பு என்றதும் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். மருமகன் வளர்ப்பது சோளப்பாம்பு. ஆங்கிலத்தில் 'கோர்ன் ஸ்னேக்' என்பார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த, நஞ்சற்ற, செம்மஞ்சள் நிறப் பாம்பு. எலியைத் தேடிச் சோளக் களஞ்சியங்களுக்கு வந்ததால் இப்பெயர் என்பார் உளர். வயிற்றுப்புறக் கட்டங்கள் சோள மணிகளை ஒத்திருப்பதால் என்பாரும் உளர். நாலைந்து அடி வளரும். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். மேலை நாடுகளில் நாய், பூனை போல இதுவும் இன்று வீட்டுப் பிராணி.

"மாமா, அது நாள் முழுக்கத் தனியக் கிடக்குது. பாவமெல்லோ? இன்னொண்டை வாங்கி அதோட விட்டால் என்ன?" என்று மருமகன் கேட்டான். தங்கையும் அவன் பக்கமே. இரண்டாவது கண்ணாடிப் பெட்டிக்கு வீட்டில் இடமில்லை, செலவும் அதிகம் என்பது அவள் கணக்கு. முப்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனவே சில நாட்கள் தேடி வாசித்தேன். அப்போது ஒரு பழைய நினைவும் வந்தது.

சிறு வயதில் காலிமுகத்திடலுக்குப் போகும் மாலைகளில், நாகத்தை ஆடவைக்கும் பாம்பாட்டிகளைக் காண்போம். ஒருவரிடம் மூன்று பிரம்புக் கூடைகள் இருந்தன. கூடைக்கு ஒரு பாம்பு. ஒரே கூடையில் போட்டால் சுமை குறையுமே என்று அப்பா வேடிக்கையாகக் கேட்டார். "இது ஆட்டுக்குட்டி இல்லை ஐயா" என்றார் அந்த மனிதர். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்பாட்டியும் கொஞ்சம் அறிந்திருந்தார் போலும்.

நான் வாசித்தவை அவர் சொன்னதையே உறுதிப்படுத்தின. சோளப்பாம்பு இயல்பில் தனித்து வாழும் பிராணி. ஒன்றாக வாழ்வதற்கென்று அதற்குக் கூட்டமோ குடும்பமோ இல்லை. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணும் பெண்ணும் சந்திக்கும், பின் பிரிந்துவிடும். தாய் முட்டைகளை இட்டுவிட்டு நகர்ந்துவிடும். குஞ்சுகள் பிறந்த நாள் முதலே தம் வழியில் போகும்.

"இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருப்பதைப் படத்தில் பார்த்தேனே, எவ்வளவு அன்பு!" என்றாள் தங்கை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பாம்புப் பெட்டியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் மறுபக்கம் அதைவிடக் குளிராகவும் வைக்கப்படும். தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாத பாம்பு, இரண்டு பக்கங்களுக்கும் இடையில் நகர்ந்துதான் உடலைச் சீராக வைத்துக்கொள்கிறது. நல்ல இடம் ஒன்றே என்றால் இரண்டும் அங்கேயே போய்க் கிடக்கும். நெரிசலான பஸ்ஸில் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து வெள்ளவத்தைக்கு வருகிறோம். அது அன்பினாலா?

உணவு வேளை அதைவிட ஆபத்தானது. ஒரே எலியை இரண்டும் இரண்டு முனைகளில் கவ்வினால், எதுவும் விட்டுக்கொடுக்காது. எலி முடிந்த இடத்தில் மற்றைய பாம்பின் தலை இருக்கும். சோளப்பாம்பு தன் இனத்தையே விழுங்குவது அரிது. ஆனால் கூட்டில் அடைக்கப்பட்டவை விழுங்கிய சம்பவங்கள் உண்டு. விழுங்கியதும் பல வேளைகளில் பிழைப்பதில்லை.

நோயும் இருக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பாம்பின் இரைப்பையைத் தடிக்கச் செய்து, உண்டதை வெளியே தள்ளவைக்கும். அதற்கு நம்பகமான மருந்து கிடையாது. இரண்டு பாம்புகள் ஒரே பெட்டியில் இருந்தால் கக்கியது எது, மலம் கழிக்காதது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அறிகுறி தெரியும்போது நோய் மற்றதற்கும் போயிருக்கும். புதிதாக வாங்கிய பாம்பைச் சில வாரங்களாவது வேறு அறையில் வைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். மேலும், குஞ்சுப் பருவத்தில் ஆண், பெண் என்று வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒரே பாலினம் என்று நம்பி விட்டுவைத்தால், முழு வளர்ச்சி அடையாத பெண் கருவுற்று, முட்டை வெளிவராமல் இறக்கவும் கூடும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாம்புகள் எல்லாமே தனிமை விரும்பிகள் அல்ல. கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில், நார்சிஸ் என்ற இடத்தில், குளிர்காலத்தைக் கழிப்பதற்காகப் பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் சுண்ணாம்புக்கல் பொந்துகளில் ஒன்றுசேர்கின்றன. 2020 இல் கனடாவின் வில்ஃபிரிட் லோரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அந்தக் கார்ட்டர் இனத்தின் இளம் பாம்புகள் சில குறிப்பிட்ட தோழர்களையே நாடிச் செல்வதாகக் கண்டறிந்தனர். ஆகவே "பாம்புக்கு உறவே இல்லை" என்பதும் அவசரத் தீர்ப்புத்தான்.

ஆனால் அது வேறு இனம். அதைவிட முக்கியமான வேறுபாடும் உண்டு. நார்சிஸில் கூடும் பாம்புகள் வசந்தம் வந்ததும் கலைந்து போகின்றன. விலகிப் போக அவற்றுக்கு வழி இருக்கிறது. மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியில் அந்த வழி இல்லை. பெட்டியைப் பெரிதாக்கி, மறைவிடங்களையும் வெப்ப இடங்களையும் இரட்டிப்பாக்கினால் போதாதா என்று கேட்கலாம். ஆபத்து குறையும், நீங்காது. இரண்டாவது பெட்டி வாங்க இயலாதவர் அத்தகைய பெரிய பெட்டியை எப்படி வாங்குவார்?

மருமகன் வாழும் நாட்டின் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் நிறைவேற்ற வேண்டிய தேவைகளுள் ஒன்றாக, பிற விலங்குகளுடன் சேர்ந்தோ அவற்றிலிருந்து பிரிந்தோ வைக்கப்பட வேண்டிய தேவையையும் குறிப்பிடுகிறது. 'பிரிந்து' என்ற சொல்லை அங்கே சேர்த்தவர்களை மெச்சத்தான் வேண்டும். நமது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் அடிப்பதையும் துன்புறுத்துவதையும்தான் பெரிதும் பேசுகிறது. அன்பின் பெயரால் இழைக்கப்படும் தவறு அதன் கண்ணில் படுவதில்லை.

எனவே என் கருத்து இதுதான்: ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. இரண்டாவது பெட்டிக்கு இடமோ பணமோ இல்லையென்றால் இரண்டாவது பாம்பு வேண்டாம். இருக்கும் ஒன்றுக்கு நல்ல மறைவிடமும் சரியான வெப்பமும் கொடுத்தால் அதற்குக் குறையேதும் இல்லை. "தனிய" என்ற கவலை நம்முடையது. அதைப் பாம்பின் தலையில் சுமத்தக் கூடாது.

இதையே மருமகனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தான். "அப்ப நான் சேமிச்ச காசுக்குப் பெரிய பெட்டியா ஒண்டு வாங்குறன் மாமா, இதுக்கே" என்றான். நல்ல பிள்ளை.

மறுமுனையில் தங்கை தன் முதல் கவலைக்குத் திரும்பினாள். அம்மாவை லண்டனுக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனைக்கு உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள். தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். "பிள்ளை, மனிசருக்கு மனிசர் வேணும்தான். உங்கட வீட்டுக்கு வாறன், ரெண்டு மாதம் இருக்கிறன். ஆனால் திரும்பி வர இந்த வீடு இருக்க வேணும்" என்றார் அம்மா.

பாம்பைப் பற்றி அவ்வளவு வாசித்த எனக்கு, அம்மாவிடம் இதுவரை என்ன விருப்பம் என்று நேரே கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.